ஏழாவதாக வர வேண்டிய பிலாத்து

எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் நடிக்கிறவர்கள் யாரும் பேச மாட்டார்கள். வாயை மட்டும் அசைப்பார்கள். இயேசுவின் பாடுகள் முழுவதையும் பதினைந்து வருடத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து வைத்துவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை அது ஸ்பீக்கரில் ஓடும். கூட்டம் கத்துவது மட்டும் நேரடி. அதற்கு ஒத்திகை தேவைப்பட்டதே இல்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரே சிக்கல், ஆள் மாறினாலும் குரல் மாறாது. பேதுருவாக நடித்த பெரியவர் செத்து நான்கு வருடம் ஆகிறது. வருடா வருடம் வந்து மூன்று முறை மறுதலித்துவிட்டுப் போகிறார். அதையாவது பொறுத்துக்கொண்டார்கள். யூதாசு வேடத்தை விட்டு ஒன்பது வருடமான ஒருவரின் மனைவிதான் கமிட்டிக்கு வந்து, வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் தன் கணவர் குரல் மைக் போட்டுக் காட்டிக்கொடுப்பது நன்றாக இல்லை என்று சொன்னார். கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: இனிமேல் புதிதாக யார் நடிக்கிறாரோ அவரே தன் வசனத்தைப் பேசிப் பதிவு செய்து தர வேண்டும். அந்த ஒரு ஃபைலை மட்டும் மாற்றிக்கொள்வது. மற்றவை அப்படியே.

தீர்மானத்துக்குப் பிறகு வந்த முதல் புது நடிகர் என் அப்பா.

அப்பா ஞானமணி, அரசுப் பேருந்தில் கண்டக்டர். கந்தர்வக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே இருபது வருடமாகப் போய் வந்துகொண்டிருக்கிறார். பாஸ்காவில் பதினான்கு வருடமாக ஈட்டி பிடித்த இரண்டாவது சேவகன். முதலாவது சேவகனுக்காவது "நட" என்று ஒரு வசனம் உண்டு. இயேசுவை விசாரிக்கும் ஆளுநர் பிலாத்துவாக நடித்துக்கொண்டிருந்த அடைக்கலம் மாமா போன ஆவணியில் சிங்கப்பூர் போனதும், பிலாத்து பதவி காலியாகி அப்பாவுக்கு வந்தது. நான்கு நிமிட வசனம். அது தனி ஃபைல். ஏழாவது.

செய்தி கேட்ட நாளிலிருந்து அப்பா ஒருவரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஷேவிங் செய்யும்போது கண்ணாடியில் தெரிந்த ஆளை விசாரித்தார். பேருந்தில் ஸ்டூடண்ட் பாஸைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "உன் மீது சுமத்தப்படும் குற்றத்துக்கு உன் பதில் என்ன" என்று கேட்டதாகக் கல்லூரியில் என் ஜூனியர் ஒருவன் வந்து சொன்னான். பாஸ் போன மாதத்தது. அவன் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டான்.

பதிவு எங்கள் வீட்டு உள்ரூமில் நடந்தது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எதிரொலி வரக்கூடாது என்பதற்காகத் தலைவழியாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அப்பா போனில் பேசினார். பதினோரு முறை தப்பாகப் போய்ப் பன்னிரண்டாவது முறை சரியாக வந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்து, "அனுப்பிட்டேன் பாரு" என்றார். நான் மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதால், பென் டிரைவில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. அந்தப் படிப்புக்கு ஊரில் இதுவரை கிடைத்த ஒரே வேலை இது.

கமிட்டித் தலைவர் அறிவுச்செல்வன் சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பென் டிரைவை ஒரு திருநீற்றுப் புதன் காணிக்கைக் கவருக்குள் வைத்துக் கொடுத்தார். அதில் பதினான்கு பாஸ்கா ஃபைல்கள். அவற்றோடு "மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ" என்று ஒரு ஃபைல், யாரோ எப்போதோ இருமியது. அதை அழித்தேன். "07 பிலாத்து அப்பா" என்று பெயரிட்டு அப்பாவைப் போட்டேன். அடைக்கலம் மாமாவை அழித்தேன். லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் அப்பா அமைதியாக உட்கார்ந்திருந்தார். மூடிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி ஒத்திகை. சவுண்ட் செட் சிராஜ் அண்ணன். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் பென் டிரைவ் சொருக ஓர் ஓட்டை, அதன் மேல் சிவப்பில் எண் காட்டும் சின்னக் கண்ணாடி, பக்கத்தில் நான்கு பொத்தான். ஃபைல் பெயரெல்லாம் அது காட்டாது. 01 என்று எரிந்தது. சிராஜ் அண்ணன் பொத்தானை அழுத்தினார்.

முதலில் வர வேண்டியது குருத்தோலைப் பவனி. குழந்தைகள் ஓலையோடு வரிசையில் நின்றார்கள். இயேசுவாக நடிக்கும் பீட்டர் அண்ணன் கழுதைக்குப் பக்கத்தில் பன்னைத் தின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரிலிருந்து அப்பா வந்தார்.

"அமைதி. உரோமைப் பேரரசின் பெயரால் கேட்கிறேன். அந்த மனிதனை முன்னே கொண்டு வாருங்கள்."

நாலு ஸ்பீக்கர் பெட்டி வழியாக வந்ததில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. வசனம் பிலாத்துவுடையதுதான். ஆனால் குரல், படியில் நிற்கிறவர்களை உள்ளே போகச் சொன்னது. "கொண்டு வாருங்கள்" என்பதற்குப் பிறகு விசில் மட்டும்தான் இல்லை.

பீட்டர் அண்ணன் பன்னோடு நின்றார். எருசலேமுக்குள் நுழைவதற்கு முன்பே அவரைத் தீர்ப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஓலை வைத்திருந்த கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு குரல், "அண்ணே, பெருங்களூர் ரெண்டு குடுங்க" என்றது.

மைதானமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன்.

அறிவுச்செல்வன் சார் என்னைக் கூப்பிட்டார். "செம்மல், ஒன்னுலேருந்து பதினாலு வரைக்கும் எண்ணத் தெரியுமாய்யா ஒனக்கு?"

"தெரியும் சார். லேப்டாப்ல வரிசையாத்தான் சார் இருக்கு. இங்க பாருங்க."

பார்த்தார். ஆறு, ஏழு, எட்டு. "இதுல சரியா இருக்கு. அதுல தப்பா இருக்கு. அப்ப எது பொய் சொல்லுது?"

"சிராஜ் அண்ணே, நம்பரைத் தள்ளித் தள்ளிப் போட முடியாதா?" என்றேன்.

"போடலாம் தம்பி. ரெண்டுலேருந்து ஆரம்பிச்சு, அப்பா சீன் வர்றப்ப ஒன்னுக்கு வரணும், அப்புறம் மறுபடி எட்டுக்குப் போகணும். ஆனா ஒவ்வொரு அழுத்துக்கும் அந்தந்தப் பாட்டு ஒரு செகண்டு கத்தும். அதைத் தடுக்க முடியாது."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் சார். "ஒன்னுலேருந்து தவறிப் பின்னாடி பக்கமா அழுத்திட்டீங்கன்னா பதினாலுக்குப் போயி உயிர்ப்புப் பாட்டு ஒரு செகண்டு கேக்கும். சிலுவைக்கு முன்னாடியே ஊருக்கு விஷயம் தெரிஞ்சுபோயிரும்." சட்டைப் பையில் கையை விட்டு இன்னொரு பென் டிரைவை எடுத்தார். "இது போன வருஷம் போட்டது. ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. அடைக்கலம் குரலே இருக்கட்டும். ஞானமணி, நீங்க வாயை அசைச்சாப் போதும். என்ன சொல்றீங்க?"

"அதுவே இருக்கட்டும் சார்" என்றார் அப்பா. சார் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

பதினான்கு வருடம் வாய் திறக்காமல் ஈட்டி பிடித்தவர். நான்கு நிமிடம் கிடைத்தது. அதையும் சிங்கப்பூரில் இருக்கிறவருக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இதற்கெல்லாம் காரணம் நான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எப்படிக் காரணம் என்பதுதான் தெரியவில்லை.

மணி மூன்று. நாடகம் ஏழுக்கு. ஐந்தாம் வகுப்பு வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஃபைல் பெயரில் 07 என்பதை 007 ஆக்கினேன். சிராஜ் அண்ணனிடம் கொண்டுபோய்ச் சொருகினேன். அப்பா முதலில் வந்தார். 7அ ஆக்கினேன். முதலில் வந்தார். கடைசியில் வரட்டும் என்று 99 ஆக்கினேன். அப்போதும் முதலில் வந்து அமைதி காக்கச் சொன்னார்.

"என்னடா, ஒங்கப்பாவுக்கு எந்த நம்பர் குடுத்தாலும் முன்னாடிதான் வருவாரா?" என்று ஷர்லி வந்து நின்றாள். என் வகுப்பு. என் தெரு. இந்த வருடம் பிலாத்துவின் மனைவி. அவளுக்கு வசனம் கிடையாது. இயேசுவைப் பற்றி ஒரு கெட்ட கனவைக் கண்டுவிட்ட முகத்தோடு பிலாத்துவின் பக்கத்தில் நிற்க வேண்டும். தலையில் தங்கக் காகிதக் கிரீடம். "பென் டிரைவ் என்ன ஃபார்மட்?"

"ஃபேட் முப்பத்திரண்டு."

"ஓஎஸ் பேப்பர்ல வந்துச்சுல்ல. வெவ்வேறு ஃபைல் சிஸ்டங்கள் டைரக்டரி என்ட்ரியை எப்படி வைத்துக்கொள்கின்றன, வேறுபடுத்துக. நீ எழுதலையா?"

"எழுதினேன். பதிமூணுக்குப் பதினொன்னு."

"என்ன எழுதின?"

யோசித்தேன். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், ஒரு ஃபோல்டரில் உள்ள பெயர்களை அகர வரிசையில் ஒரு மரம்போல அடுக்கி வைக்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி நான்கு, பெயரை அரைத்து ஓர் எண்ணாக்கி அந்த எண்ணின்படி தேடி எடுக்கும். ஃபேட் முப்பத்திரண்டு எதையும் அடுக்காது. என்ட்ரிகள் வந்த வரிசையில் கிடக்கும், ஒன்றை அழித்தால் அந்த இடம் காலி என்று குறி போட்டுவிட்டு, அடுத்து வருகிறதை அதில் உட்கார வைக்கும். இதை நான் நீல மையில், அடிக்கோடிட்டு, படத்தோடு எழுதியிருந்தேன்.

"இருமல்" என்றேன்.

"என்னது?"

"மைக் டெஸ்டிங். யாரோ இருமுன ஃபைலு. அதுதான் மொத இடத்துல இருந்துருக்கு. அதை அழிச்சேன். அந்தக் காலி இடத்துல அப்பா போய் உக்காந்துட்டார்."

"பதினொன்னு எப்படிப் போட்டாங்க ஒனக்கு?" என்றாள் ஷர்லி.

தண்ணீர் குடித்துவிட்டு அப்பா அந்தப் பக்கம் வந்தார். பாதி மேக்கப்பில், ஒரு கன்னம் மட்டும் உரோமைப் பேரரசாக இருந்தது. "கண்டுபிடிச்சிட்டேன்ப்பா" என்றேன்.

"என்ன?"

"ஃபேட்டுன்னு ஒன்னுப்பா…" என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். "ஒங்க பஸ்ஸுப்பா. ரிசர்வேஷன் கிடையாது. யாராவது எறங்கினா அந்த சீட்டுல அடுத்து ஏறுறவர் உக்காருவார்ல."

"ஆமா."

"பென் டிரைவும் அப்படித்தான். மொத சீட்டுல ஒருத்தர் இருமிக்கிட்டு இருந்தார். அவரை எறக்கி விட்டேன். நீங்க ஏறுனீங்க. மொத சீட்டு காலியா இருந்துச்சு, உக்காந்துட்டீங்க."

அப்பா யோசித்தார். "அப்ப பேருல ஏழுன்னு போட்டியே?"

"அது டிக்கெட்டுப்பா. அதுல எந்த ஊருன்னு இருக்கும். எந்த சீட்டுன்னு இருக்காது."

"லேப்டாப்புல சரியாத் தெரிஞ்சுச்சே?"

"லேப்டாப்பு எல்லார் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்து, வரிசைப்படுத்திக்கிட்டு அப்புறம்தான் காட்டும். சிராஜ் அண்ணன் பெட்டி அதெல்லாம் பார்க்காது. மொத சீட்டுலேருந்து வரிசையா எழுப்பிக்கிட்டே போகும்."

"அடைக்கலம் எடம்?"

"நடுவுல காலியாத்தான் கெடக்கு. ஆனா ஏறுறவரு அவ்வளவு தூரம் உள்ள போக மாட்டார்ல. முன்னாடி எடம் இருந்தா முன்னாடியே உக்காந்துருவார். அதுலயும் நீளமான தமிழ்ப் பேருன்னா அதுக்கு மூணு சீட்டு சேர்ந்தாப்புல வேணும், குடும்பத்தோட ஏறுற மாதிரி. அந்த இருமல் ஃபைலுக்குப் பேரு பெருசு, நாலு சீட்டு பிடிச்சிருந்துச்சு. ஒங்களுக்கு மூணு போதும். வசதியா உக்காந்துட்டீங்க."

அப்பா தலையாட்டினார். என் ஐந்து செமஸ்டர் ஆசிரியர்களில் யாரும் இவ்வளவு வேகமாக நான் சொன்னதை ஏற்றுக்கொண்டதில்லை. "அப்ப எல்லாரையும் எறக்கி விட்டுட்டு, ஒன்னாம் நம்பர்லேருந்து ஒவ்வொருத்தரா ஏத்தணும்."

"அதேதான்ப்பா. பத்து நிமிஷம்."

"வேண்டாம்டா."

"ஏன்ப்பா?"

அவர் என்னைப் பார்க்காமல் ஷர்லியின் கிரீடத்தைப் பார்த்துச் சொன்னார். "நானும் கேட்டேன்டா, ஸ்பீக்கர்ல. இருபது வருஷமா இப்படியா பேசிக்கிட்டுத் திரியிறேன்? போர்வைக்குள்ள கேக்குறப்ப வேற மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு, "அடைக்கலத்துக்குக் குரல் நல்லாருக்கும்" என்றார்.

ஃபைல் சிஸ்டத்தில் இதற்கு வழி இல்லை.

"மாமா," என்றாள் ஷர்லி, "அடைக்கலம் மாமா பேசுனா பிலாத்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த மாதிரி இருக்கும். 'அவசியம் வந்துரணும்'னு சொல்லி முடிப்பாரோன்னு போன வருஷம் பயந்துக்கிட்டே பார்த்தேன். பிலாத்து யாரு? ஆயிரம் பேரு ஒரே நேரத்துல கத்துறப்ப நடுவுல நின்னு சமாளிக்கிறவரு. எறக்கிவிடவும் முடியாம, ஏத்திக்கவும் முடியாம முழிக்கிறவரு. அவரு கண்டக்டர் மாதிரி பேசாம வேற எப்படிப் பேசுவாரு?"

அப்பா அவளையே பார்த்தார். "சிரிச்சாங்களேம்மா."

"பன்னோட நின்ன பீட்டர் அண்ணனைப் பார்த்துச் சிரிச்சாங்க மாமா. நானும் அதுக்குத்தான் சிரிச்சேன்."

அது பொய். எனக்குத் தெரியும், அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அப்பா மேக்கப் இல்லாத கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஏத்துடா. பார்ப்போம்."

பதினான்கையும் லேப்டாப்புக்கு இறக்கினேன். பென் டிரைவைக் காலியாக்கினேன். ஒன்று ஏறி முடித்ததைப் பார்த்துவிட்டு இரண்டை ஏற்றினேன். மொத்தமாக இழுத்துப் போடவில்லை. லேப்டாப் எந்த வரிசையில் எடுத்துக் கொடுக்குமோ, அன்றைக்கு நான் யாரையும் நம்பத் தயாராக இல்லை. ஷர்லி பக்கத்தில் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழு வந்தபோது, "மாமா ஏறிட்டாங்க, ரைட்" என்றாள்.

அறிவுச்செல்வன் சார் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்து ஒன்றிலிருந்து பதினான்கு வரை எழுதி, சிராஜ் அண்ணனை ஒவ்வொரு ஃபைலிலும் முதல் வரியை மட்டும் ஓட்டச் சொன்னார். வரியைக் கேட்டு, டிக் போட்டு, "அடுத்தது" என்பார். ஏழாவதாக அப்பா அமைதி காக்கச் சொன்னார். இந்த முறை மைதானத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிஜமாகவே அமைதியானார்கள். பழக்கம்தான். சார் டிக் போட்டார். பதினான்கும் ஆனதும் இரண்டாவது தடவை ஓட்டச் சொன்னார், கணக்கு வாத்தியார் அல்லவா. பிறகு பழைய பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, "கையில வச்சிருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா மாத்திருவேன்" என்றார்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தது. ஓலை வந்தது, கழுதை வந்தது. பீட்டர் அண்ணன் பன் இல்லாமல் வந்தார். நான் சிராஜ் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேவல் கூவி 06 முடிந்தது. 07 எரிந்தது.

அப்பா ஊதாத் திரைச்சீலையை அங்கியாகப் போட்டுக்கொண்டு நடுமேடைக்கு வந்தார். "அமைதி" என்றது ஸ்பீக்கர். அவர் வாய் அதன் மேல் சரியாகப் பொருந்தியது. கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பி, அடுத்த வரிக்குள் அடங்கியது. இரண்டாவது நிமிடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "இவனை என்ன செய்யச் சொல்கிறீர்கள்" என்று கேட்டபோது, அறுபது பேர் ஏறும் வண்டியில் தினமும் நூறு பேரை ஏற்றும் ஒருவரின் களைப்பு அதில் இருந்தது. அடைக்கலம் மாமாவிடம் அது கிடையாது. எனக்குப் பின்னால் ஒரு அக்கா, "பாவம், அவரு என்ன பண்ணுவாரு" என்று பிலாத்துவுக்காக வருத்தப்பட்டார். எங்கள் ஊர்ப் பாஸ்காவில் பிலாத்துவுக்கு யாரும் பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்பா பித்தளைச் சட்டியில் கை கழுவினார். கடைசி வரி முடிந்தது. நான் மூச்சு விட்டேன்.

07 இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நான் சிராஜ் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் எல்லா ஃபைலிலும் முதல் வரியைத்தான் கேட்டிருந்தோம், இரண்டு தடவை.

நாலு பெட்டியிலும் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், தெளிவாக, உரோமைப் பேரரசின் மேல் விழுந்தது.

"ஏங்க, உள்ள தனியா யாருகிட்ட இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருக்கீங்க. தோசை ஆறுது, வாங்க."

அப்பா ஈரக்கையோடு அப்படியே நின்றார். அறிவுச்செல்வன் சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. அப்போதுதான் மேடையில் ஷர்லி நகர்வதைப் பார்த்தேன். அவள் ஓரடி முன்னே வந்து, அப்பாவின் முழங்கையைத் தொட்டு, கெட்ட கனவு கண்ட முகத்தை மாற்றாமல், "தனியா யாருகிட்ட" என்பதிலிருந்து வாயை அசைக்க ஆரம்பித்திருந்தாள். "வாங்க" என்பதை ஒரு நூல் பிசகாமல் முடித்தாள்.

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் ஓடியது. அதற்கு மேல் அதில் வசனம் இல்லை. எண்ணூறு பேர் பிலாத்து என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். ஷர்லியைப் பார்த்தார். அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாரேன்" என்றார்.

மைக் இல்லை, பதிவு இல்லை. கடைசி வரிசையில் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. பிறகு மனைவியின் பின்னால், களைத்துப்போன ஆளுநராக, திரைக்குள் போனார்.

பாஸ்காவில் கை தட்டக் கூடாது. பாடுகளுக்கு யாரும் தட்டுவதில்லை, அது வழக்கம். அன்றைக்குத் தட்டினார்கள். அறிவுச்செல்வன் சார் அடக்குவதற்காக எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். அடங்காது என்று தெரிந்ததும், தூக்கிய கையை வீணாக்காமல் தானும் இரண்டு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம், "அன்னைக்குத் தோசை ஆறத்தான் செஞ்சுச்சு" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்ததுக்குத் தள்ள வைத்திருந்த விரலைச் சிராஜ் அண்ணன் பொத்தானிலிருந்து எடுத்தார். ஃபைல் தானாக முடிந்து கண்ணாடியில் எண் மாறியது. எட்டாவது, எட்டாவதாகவே வந்தது.